ஏற்புரைக்கு முன் கிளம்புகிறவர்கள்

மாலை ஆறு மணி என்று அழைப்பிதழ் அடித்த புத்தக வெளியீட்டு விழா சென்னையில் ஆறே முக்காலுக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, நூலை வெளியிட்டுச் சிறப்புரை, முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு வாழ்த்துரை, அப்புறம் கருத்துரை வழங்க நாலு பேர். இவர்கள் எல்லாரும் பேசி முடித்து, நன்றியுரைக்குச் சற்று முன்னால்தான் புத்தகத்தை எழுதியவர் கைக்கு மைக் வரும். அதற்குப் பெயர் ஏற்புரை. மணி அநேகமாக ஒன்பதைத் தொட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பின்வரிசைகளில் சிலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, யார் காலையும் மிதிக்காமல் வெளியேறுவார்கள். மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரியலாம். அவர்கள் திருமழிசைக்காரர்கள், குன்றத்தூர்க்காரர்கள், பட்டாபிராம்காரர்கள். வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். வீடு கரையான்சாவடியில். அம்பத்தூர், ஆவடி நண்பர்களுக்காவது மின்சார ரயில் இருக்கிறது. எனக்குப் பேருந்துதான் பழக்கம். போரூர், ஐயப்பந்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டே அது வந்து சேர்வதற்குள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். தலைக்கு மேலே மெட்ரோ பாதை ஓடுகிறது. பூந்தமல்லியில் தொடங்கிக் கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர், நடுவில் வடபழனி, கோடம்பாக்கம், பனகல் பூங்கா, மயிலாப்பூர். இலக்கியக் கூட்டம் நடக்கிற இடங்களைக் கேட்டு வைத்துக்கொண்டு யாரோ வரைந்தது மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் திசை ஒன்றுதான். நாம்தான் அங்கே போக வேண்டும். அங்கிருந்து யாரும் இங்கே வருவதாக இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரொம்ப தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத்தான் எழுத்தாளர் பேசுவதைக் கேட்கக் கொடுத்துவைப்பதில்லை. எத்தனையோ நூல்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டுவிட்டேன். எழுதியவர்கள் பேசிக் கேட்டது கொஞ்சம்தான்.

எதிர்வீட்டுக்காரர் இதற்கு எளிய தீர்வு வைத்திருக்கிறார். "இதுக்காகவா சார் இவ்வளவு தூரம் போறீங்க? ஸ்ருதி டிவியில போட்டுடுவாங்களே, படுத்துக்கிட்டே பார்க்கலாமே!" அவர் சொல்வதில் தப்பில்லை. தமிழ் இலக்கியக் கூட்டங்களைப் பல வருஷங்களாகச் சளைக்காமல் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிவைக்கும் ஸ்ருதி டிவி செய்திருப்பது பெரிய ஆவணப் பணி. அது இல்லாவிட்டால் பல ஏற்புரைகள் எனக்குக் கிடைத்தே இருக்காது. ஆனால் அவர் கேள்வி சும்மா விடவில்லை. புத்தகத்தை வீட்டில் படித்துக்கொள்ளலாம். பேச்சை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம் எதற்காக ஒருவன் உடம்பைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைக்க வேண்டும்?

எழுத்தாளரை நேரில் பார்க்கலாம், நண்பர்களைச் சந்திக்கலாம், டீ கிடைக்கும், சில இடங்களில் சுண்டலும் கிடைக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாம் எனக்கு என்ன கிடைக்கும் என்பதற்கான பதில்கள். நான் அங்கே இருப்பதால் அந்தப் புத்தகத்துக்கு என்ன ஆகிறது? அந்த நாற்காலி காலியாக இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இப்படிக் கேட்டுப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பெரும்பாலான விழாக்களில் ஒன்றும் குறைந்திருக்காது.

நம்முடைய பழைய வழக்கம் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் பாயிரத்தைப் பாடியவர் பனம்பாரனார். நூல் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியதையும், அதங்கோட்டாசான் அதைக் கேட்டதையும் அதில் அவர் சொல்லியிருக்கிறார். நூலாசிரியர் பெயரும் அரசன் பெயரும் இடம்பெறும் பாயிரத்தில் கேட்டவர் பெயருக்கும் இடமிருந்தது. அதைச் சுற்றி நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மேல் கோபமாயிருந்த அகத்தியர், அவன் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவைத்தாராம். தொல்காப்பியரோ கேட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்துகிறார். இவருக்கும் பொல்லாப்பு வேண்டாம், அவருக்கும் வேண்டாம், குற்றம் சொல்லிச் சொல்லியே அனுப்பிவிடலாம் என்று அதங்கோட்டாசான் உட்காருகிறார். சொன்ன குற்றத்துக்கெல்லாம் தொல்காப்பியர் விடை சொல்லிவிடுகிறார். நடந்ததோ இல்லையோ, நூல் அரங்கேறுவது என்றால் என்ன என்று நம் முன்னோர் நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. எழுதியவரை உட்காரவைத்துக் குடைவது. தாங்கினால் நூல்.

கரையான்சாவடியிலிருந்து டிரங்க் ரோட்டில் மேற்கே போய்க்கொண்டே இருந்தால் காஞ்சிபுரம் போய்விடலாம். அங்கே குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதல் பாட்டின் முதல் தொடரிலேயே ஒருவர் எழுந்து புணர்ச்சி இலக்கணப்படி இது செல்லாது என்றாராம். முருகனே எடுத்துக்கொடுத்த அடி என்று ஆசிரியர் சொல்லியும் அவை ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டித்தான் அந்தத் தடை நீங்கியது என்பது கதை. சாமி சொன்னாலும் மேற்கோள் கொடு என்று கேட்ட ஊர்! கம்பருக்குத் திருவரங்கத்தில் நேர்ந்த தொல்லைகள் ஊரறிந்தவை. தாயார் சந்நிதிக்கு எதிரே அவர் பெயரைச் சொல்லும் மண்டபம் இன்றும் நிற்கிறது.

ஆனால் எனக்கு மனசுக்கு நெருக்கமானது சேக்கிழார் கதைதான். அவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். குன்றத்தூர். குமணன்சாவடியில் தெற்கே திரும்பினால் மாங்காடு தாண்டிக் கொஞ்ச தூரம். சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். கும்பகோணத்துப் பக்கம் உள்ள திருநாகேசுவரத்தின் நினைவாகச் சொந்த ஊரிலும் அதே பெயரில் கோயில் கட்டியவர். பெரியபுராணத்தைப் பாடி முடித்து அவர் தில்லைக்குப் போனதையும், ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதையும் உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் விரிவாகச் சொல்கிறது. சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரை வரை ஒரு வருஷம் நூலை வாசித்து விளக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சேக்கிழாரையும் ஏட்டையும் யானைமேல் ஏற்றி, அரசன் அநபாயனே பின்னால் அமர்ந்து கவரி வீசித் தில்லை வீதிகளைச் சுற்றிவந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு வருஷம் கேட்டார்கள். பிறகு யானை வந்தது. நாம் யானையை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை விட்டுவிட்டோம்.

இன்றைய வெளியீட்டு விழா அடிப்படையில் ஒரு கல்யாணம். ஜிகினாத் தாளும் ரிப்பனும் சுற்றிய புத்தகம், பொன்னாடை, உறவும் நட்பும் சூழ்ந்த முன்வரிசை, "சார், புக்கைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, லைட் அடிக்குது" என்கிற போட்டோகிராபர். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் குறைகளை யாராவது பேசுவார்களா? பேசக்கூடாதுதான். அங்கே பேசுகிறவர் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம். "இன்னும் முழுசாப் படிக்கல, புரட்டிப் பார்த்தேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அதை நான் நேர்மைக் கணக்கில்தான் எழுதுகிறேன். படித்த மாதிரி பேசுகிறவர்களுக்கு இவர் தேவலை. கேட்க வந்திருக்கிறவர்களின் நிலைமை இன்னும் விசேஷம். புத்தகம் அன்று மத்தியானம்தான் பைண்டிங்கிலிருந்து வந்திருக்கும். ஆகவே அரங்கில் ஒருவர்கூடப் படித்திருக்க வழியில்லை. படிக்காத ஒரு நூலைப் பற்றி ஒருவன் தலையாட்டலாம், கைதட்டலாம். கேள்வி கேட்க முடியாது. விழாவின் அமைப்பே கேட்பவனின் வாயைக் கட்டிவிடுகிறது. அவன் ஒன்பது மணிக்கு எழுந்துபோனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஆகிவிட்டது இப்படித்தான்.

அச்சு வந்ததுதான் இதற்குக் காரணம் என்று தோன்றலாம். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்பணம் கட்டும் கையொப்பக்காரர்களைத் தேடிப்பிடித்துத்தான் அச்சுக்கூலி கொடுத்தார். கையொப்பம் போட்டவர் வரப்போகும் நூலுக்குப் பங்காளி மாதிரி. என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஏறத்தாழ இதே உபாயத்தைப் பாரிஸிலும் செய்தார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை 1922இல் வெளியிட்டவர் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி என்ற சின்னப் புத்தகக் கடையை நடத்திய சில்வியா பீச். ஆயிரம் பிரதி, முன்பதிவுக்காரர்களை நம்பித்தான் அச்சடித்தார். நூல் வருவதற்கு முன்பே, 1921 டிசம்பர் 7 அன்று, அதே தெருவில் எதிரே இருந்த அட்ரியன் மொன்னியேயின் புத்தகக் கடையில் ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர் வலேரி லார்போ என்ற பிரெஞ்சு எழுத்தாளர். இதழில் வந்த பகுதிகளை விழுந்து விழுந்து படித்தவர். ஜாய்ஸும் அங்கேதான் இருந்தார். ஆனால் மேடையில் இல்லை, ஒரு தடுப்புக்குப் பின்னால். கூட்டம் முடிந்து கைதட்டல் எழுந்தபிறகுதான் அவரை வெளியே இழுத்துவந்தார்கள்.

எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. எழுதியவரைத் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, படித்தவரைப் பேசவிடுவது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடுப்பைக் கொண்டுவந்தால் முதல் எதிர்ப்பு போட்டோகிராபரிடமிருந்து வரும்.

அரங்கம் வாடகைக்கு எடுத்து நடத்தும் விழாவுக்கும் புத்தகக் கடையில் நடக்கும் கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கே.கே. நகரில்தான் கண்டுகொண்டேன். முனுசாமி சாலையில் வேடியப்பன் நடத்தும் டிஸ்கவரி புக் பேலஸ் சென்னையின் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத கடை. அங்கே வெளியீடுகளும் நடக்கும், வெளிவந்து கொஞ்ச நாளான நூல்களுக்கு விமர்சனக் கூட்டங்களும் நடக்கும். தெற்கே திருவான்மியூரில் பனுவல் கடையிலும் இப்படிக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் மாதிரியான நிறுவனங்களைச் சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் தமிழில் எழுதும் ஒரு புதுக்கவிஞருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது இந்த மாதிரிச் சின்னக் கடைகள்தான். கணக்குப் பார்த்தால் இதில் கடைக்காரருக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. பதிப்பாளர் தரும் கழிவில்தான் வாடகையும் சம்பளமும். ஒரு கூட்டத்தில் பத்துப் பிரதி விற்றால் நல்ல நாள். மைக்கும் டீயும் போக மிச்சம் என்ன நிற்கும்? ஆனாலும் நடத்துகிறார்கள். கடை என்பது சரக்கு விற்கும் இடம் மட்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் என்றைக்கோ ஆன்லைனுக்கு மாறிப் போயிருப்பார்கள்.

இப்படி ஒரு விமர்சனக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாவல் ஒரு பட்டறைத் தொழிலாளியைப் பற்றியது. எழுதியவர் இளைஞர், நன்றாகவே எழுதியிருந்தார். நாலு பேர் பேசினார்கள். ஒருவர் பின்நவீனத்துவம் வரைக்கும் போய்வந்தார். கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர் என்று சொல்லிக்கொண்டார்.

"புக் நல்லாருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பையன் லேத்துல கிளவுஸ் போட்டுக்கிட்டு நிக்கிறான்னு எழுதியிருக்கீங்க. லேத் ஓடும்போது நாங்க கிளவுஸ் போடவே மாட்டோம். சக்குல மாட்டுச்சுன்னா கையோட சேர்த்து இழுத்துடும்."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். எழுதியவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். "வேற எங்கெல்லாம் தப்பு இருக்கு, சொல்லுங்கண்ணே" என்றார். டர்னர் உட்காரவே இல்லை. சில்லு எப்படிச் சுருண்டு விழும், கூலண்ட் வாசம் சட்டையில் எத்தனை துவைப்புக்கு இருக்கும், நைட் ஷிஃப்டில் தூக்கம் சரியாக எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். பின்நவீனத்துவம் பேசியவரும் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாவல் இரண்டாம் பதிப்பு கண்டதா என்பது வேறு கதை. தமிழில் எந்த நாவல்தான் உடனே இரண்டாம் பதிப்பு காண்கிறது? ஆனால் எதிர்வீட்டுக்காரரின் கேள்விக்கு எனக்கு அன்று பதில் கிடைத்தது. அந்த டர்னர் வீட்டில் படுத்துக்கொண்டு யூடியூபில் பார்த்திருந்தால் கையுறை கையுறையாகவே இருந்திருக்கும். எழுதியவருக்குத் தெரியாத ஒன்று கேட்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அந்த இடத்தில் உடம்போடு இருந்தால்தான் கொடுக்க முடியும். அதங்கோட்டாசான் செய்ததும் இதைத்தான். அவருக்கு இலக்கணம் தெரிந்தது, இவருக்கு லேத் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ் நாவலும் சிறுகதையும் உழைப்பாளிகளின் வாழ்க்கையை நிறைய எழுதியிருக்கின்றன. ஆலை, பட்டறை, செங்கல்சூளை, ஷேர் ஆட்டோ. அந்த வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறார்கள். டாங்கி செய்த கைகள், பஸ் பாடி கட்டிய கைகள், ஏரிக்கரையில் செங்கல் அறுத்த கைகள். ஆனால் அவர்களைப் பற்றிய நூல் வெளியாகும் மாலையில், எழுதியவர் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, அவர்கள் பஸ்ஸுக்காக எழுந்துபோய்விட வேண்டியிருக்கிறது. எழுத்தாளர்கள் தங்களைப் பார்த்து ஒரு கேள்வி வரவில்லையே என்று வருத்தப்படும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

படித்துவிட்டு வந்து பேசுவது என்ற ஒழுக்கம் தமிழ்நாட்டில் இல்லாமல் போய்விடவில்லை. 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு ஓர் எளிய விதியை வைத்திருந்தது. அந்த மாதம் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் பொறுப்பேற்றுப் படிக்க வேண்டும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதக் கதைகளில் ஒன்று அந்த ஆண்டின் சிறந்த கதையாகும். அவர்கள் கொடுத்த பரிசை எழுத்தாளர்கள் பெரிதாக மதித்ததற்குக் காரணம் தொகை அல்ல. யாரோ ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்ற நம்பிக்கைதான். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் கூடிய 'காகங்கள்' கூட்டங்களைப் பற்றி அதில் கலந்துகொண்டவர்கள் இன்றும் எழுதுகிறார்கள். 2010 முதல் விஷ்ணுபுரம் விருது வழங்கிவரும் வாசகர் வட்டம், கோவையில் விருது விழாவை ஒட்டி எழுத்தாளர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் நூல்களைப் படித்துவிட்டு வந்த வாசகர்களைக் கேள்வி கேட்க விடுகிறது. அந்த வட்டத்தின் அரசியலோடு எனக்குப் பல இடங்களில் ஒத்துப்போகாது. ஆனால் இந்த வழக்கத்தை யாரிடமிருந்து வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி கேட்பதிலும் ரகங்கள் உண்டு. மைக் கைக்கு வந்ததும் "கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து" என்று தொடங்கித் தன் கவிதைத் தொகுப்பில் போய் முடிக்கிறவரை எல்லாக் கூட்டங்களிலும் பார்க்கலாம். சபையில் இவ்வளவு பேர் கேட்க இருக்கிறார்களே என்று அவருக்கு ஒரு தாபம். ஊரில் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை போலிருக்கிறது. அவரை முறைக்க எனக்கு மனசு வருவதில்லை, கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். இன்னொரு ரகத்துக்கு எங்கள் ஊரிலேயே முன்னோடி இருக்கிறார். பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதராஜனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். வீசிக்கொண்டே பெருமாளோடு பேசுவார் என்பது ஐதிகம். ராமானுஜருக்குச் சந்தேகங்கள் வந்தபோது தாமே போய்க் கேட்கவில்லை. நம்பியிடம் சொல்லி, கேட்டு வரச் சொன்னார். நம்பி ஆறு வார்த்தைகளைக் கேட்டுவந்து கொடுத்தார். தனக்கென்று அதில் ஒன்றையும் அவர் சேர்த்துக் கேட்டதாகக் கதையில் இல்லை. அடுத்தவரின் சந்தேகத்தைச் சுமந்துபோய், வந்த விடையைச் சிந்தாமல் கொண்டுவந்தார். பூந்தமல்லிக்காரன் கூட்டத்துக்குப் போனால் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவு சொல்லிவிட்டு வெளியீட்டு விழாவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு வெளியீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமான எல்லா அபத்தங்களும் குறையில்லாமல் நடந்தன. வெளியிட்டவர் நூலின் பெயரையே தப்பாகச் சொன்னார். ஆனால் முன்வரிசையில் ஆசிரியையின் மாமியார் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு இந்தப் பெண் எதையோ எழுதுகிறதே என்று அத்தனை வருஷம் அலுத்துக்கொண்டவர், இத்தனை பேர் எழுந்து கைதட்டுவதைப் பார்த்தார். அந்த ஆசிரியைக்கு அடுத்த தொகுப்புக்கான நேரத்தை வாங்கிக்கொடுத்தது அந்தக் கைதட்டல்தான். விமர்சனக் கூட்டத்தால் அது முடியாது. அங்கே போய் நான் அதங்கோட்டாசான் வேஷம் போட்டிருந்தால் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

சங்கடம் அதற்குப் பிறகுதான் வரும். விழா முடிந்து ஒரு மாதம் கழித்துப் போனில் கேட்பார்கள்: "படிச்சீங்களா? எப்படி இருக்கு?" நம்மவர்கள் இதற்கு ஒரு விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். "அட்டை ரொம்ப நல்லா வந்திருக்கு." பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கேட்டவருக்கும் புரிந்துவிடும். இரண்டு பேரும் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம். நண்பனின் நூலில் முப்பது பக்கம் அதிகம் என்பதை எங்கே, எப்படிச் சொல்வது? தனியாகச் சொன்னால் பொறாமை, முகநூலில் சொன்னால் துரோகம். இதற்கென்று ஒரு இடம் வேண்டும், ஒரு நாள் வேண்டும். எல்லாரும் படித்துவிட்டு வந்து, எல்லாரும் சொல்லும்போது நானும் சொல்வது எளிது. எழுதியவருக்கும் வலி குறைவு. தயாராகித்தானே வந்திருப்பார்? அந்த இடம் இல்லாததால்தான் தமிழில் பாதி நட்புகள் அட்டைப்படத்திலேயே நின்றுபோய்விட்டன.

ஆகவே என் கட்சி இது. வெளியீடு ஒரு நாள் நடக்கட்டும், பொன்னாடையோடு. நூல் வந்து ஐந்தாறு மாதம் கழித்து, அதே நூலுக்கு இன்னொரு நாள் வேண்டும். பொன்னாடை கிடையாது. எழுதியவர் கடைசியில் பேச வேண்டியதும் இல்லை. முதலிலேயே கால் மணி நேரம் பேசிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரட்டும். படித்தவர்கள் மட்டும் பேச வேண்டும். பதினைந்து பேர் போதும், எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். இதற்கு அரங்க வாடகை, பேனர், பிரபலம் எதுவும் தேவையில்லை. புத்தகக் கடை இருக்கிற ஊரில் அது கடையிலேயே நடக்கும்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கடை இல்லை. கரையான்சாவடிப் பக்கம் புக் ஸ்டோர் என்று பலகை போட்டிருந்தால் உள்ளே நோட்டு, கைடு, ஜெராக்ஸ். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, விற்பதைத்தான் அவர் வைக்க முடியும். கே.கே. நகர் கடை மாதிரி ஒன்று டிரங்க் ரோட்டில் வர வேண்டும் என்றால் முதலில் அதற்கான பதினைந்து பேர் வேண்டும். அவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு என்னோடு எழுந்துவந்து அதே நிறுத்தத்தில் நின்று, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகங்கள் அவை. நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதே கிடையாது.

கடை வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். பூந்தமல்லிக்காரர்களும் கட்டுகிறோம், ஆவடிக்காரர்களும் கட்டுகிறார்கள். அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற ஓர் ஏற்பாடும் இருக்கிறது. பல இடங்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது என்றால், உறுப்பினராக யாரும் போய் நிற்காததும் ஒரு காரணம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக்கு இந்த வாரம் போய், வாசகர் வட்டத்தில் சேர வேண்டும் என்று நூலகரிடம் பெயர் கொடுங்கள். கடந்த ஆண்டு வந்த ஒரு நூலைச் சொல்லி, அதற்கு ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இடம் கேளுங்கள். எழுதியவருக்கு நாமே போன் செய்து கூப்பிடலாம். பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்கள் பஸ் சார்ஜ்கூடக் கேட்காமல் வந்துவிடுவார்கள். இந்த முறை அவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கட்டும்.